மூன்று கொட்டேஷனும் ஒரு தந்தியும்

போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று பையன்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் கழுத்திலும் அடையாள அட்டை, மூவர் கையிலும் வழவழப்பான காகிதம். ஒருவர் 100 எம்பிபிஎஸ் என்றார். இன்னொருவர் அதே பணத்துக்கு 150 தருகிறோம் என்றார். மூன்றாமவர் வயரே வேண்டாம், சிம் போட்ட ஒரு பெட்டியை ஜன்னல் ஓரத்தில் வைத்தால் போதும் என்றார். மூன்று காகிதங்களும் சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்கு அடியில் நான்கு நாள் கிடந்தன. "எதையாவது ஒண்ண முடிவு பண்ணுங்க, இல்லன்னா எடுத்துப் போடுங்க" என்றாள் என் மனைவி.

முப்பத்தைந்து வருஷம் அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு மூன்று கொட்டேஷன் கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. நாற்காலி வாங்கினாலும் சரி, மை புட்டி வாங்கினாலும் சரி, மூன்று விலைப்புள்ளி வாங்கி, கோடு போட்ட முழுத்தாளில் ஒப்புநோக்குப் பட்டியல் தயாரித்து, குறைந்த விலைக்காரர் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் குறியிட்டு மேலே அனுப்புவது எங்கள் தொழில். அதே மாதிரி ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டேன். முதல் பத்தி மாத வாடகை. இரண்டாவது வேகம். மூன்றாவது பத்திக்கு 'நம்பகம்' என்று தலைப்பு எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். அந்தப் பத்தியை நிரப்ப அந்த மூன்று காகிதங்களிலும் ஒரு வரிகூட இல்லை.

அந்த வெற்றுப் பத்திதான் இன்றைய கட்டுரை. பிராட்பேண்ட் நேற்று வந்த சங்கதி என்று நாம் நினைக்கிறோம். ஆனால் 'வேகமான லைன் எது, நம்பகமான லைன் எது' என்ற கேள்விக்கு 150 வயதுக்கு மேல் ஆகிறது.

பள்ளியில் எங்களுக்குப் பாடம் முழுக்க பிரெஞ்சில். நெப்போலியன் காலத்துக்குச் சற்று முன்னால், 1794-ல், குளோத் ஷாப் என்பவர் பாரீசுக்கும் லீல் நகரத்துக்கும் நடுவே குன்றுகள் மேலும் கோபுரங்கள் மேலும் மரக்கைகளை நிறுத்தினார் என்று படித்தோம். ஒரு கோபுரத்தில் கையை ஒரு விதமாக மடக்கினால், அடுத்த கோபுரத்துக்காரர் தொலைநோக்கியில் பார்த்துத் தானும் அப்படியே மடக்குவார். குதிரைக்காரன் ஒரு நாளுக்கு மேல் எடுத்துக்கொண்ட தூரத்தைச் செய்தி ஒரு மணி நேரத்துக்குள் கடந்தது. எங்கள் வாத்தியார் மேசை மேல் ஏறாத குறையாக இரண்டு கைகளையும் மடக்கி நீட்டிக் காட்டினார். பின்பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "மிசியே, பனி பெய்தால்?" என்று கேட்டான். வாத்தியார் கையை இறக்கிவிட்டு, "பனி பெய்தால் பிரான்சு காத்திருக்கும்" என்றார். ராத்திரியிலும் அப்படித்தான். வேகம் உண்டு, நம்பகம் பகலுக்கும் வெயிலுக்கும் மட்டும்.

பிறகு மின்தந்தி வந்தது. நம் நாட்டில் 1850-களின் நடுவில் தந்தி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆனால் இந்தியாவிலிருந்து லண்டனுக்கு ஒரு செய்தி போக அப்போதும் கப்பல்தான் கதி. 1864-ல் பாரசீக வளைகுடாவில் கேபிள் போட்டு, மறு வருஷம் அதைத் துருக்கி ராஜ்ஜியத்தின் தந்திக் கம்பியோடு இணைத்தார்கள். இதுதான் முதல் வழி. இருபது சொல்லுக்கு ஐந்து பவுன் கட்டணம். அந்தக் காலத்து ஐந்து பவுன் சின்னத் தொகை அல்ல. அத்தனை கொடுத்தும் செய்தி போய்ச் சேரப் பல நாட்கள் ஆயின. அதைவிடப் பெரிய தொல்லை, வழியில் இருந்த தந்திக்காரர்கள் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. அர்த்தம் தெரியாமல் எழுத்தை மட்டும் பார்த்து அடுத்தவருக்குத் தட்டுவார்கள். ஒவ்வொரு கை மாறும்போதும் ஓர் எழுத்து போகும், ஓர் எழுத்து வரும். பம்பாய் வியாபாரி பஞ்சு விலையை எழுதி அனுப்பினால் லண்டனில் வாங்கிப் படிப்பவர் தலையைச் சொறிவார்.

1870-ல் ஒரே வருஷத்தில் இரண்டு போட்டிக்காரர்கள் வந்தார்கள். ஜனவரி 31 அன்று சீமன்ஸ் சகோதரர்கள் போட்ட தரைவழித் தந்தி திறக்கப்பட்டது. லண்டனில் தொடங்கி, ஜெர்மனி, ருஷ்யா வழியாகக் காக்கேசிய மலைகளைத் தாண்டி டெஹ்ரான் வரை ஒரே நிர்வாகத்தின் கண்காணிப்பில் ஓடிய கம்பி அது. நடுவில் கை மாறாமல் இயந்திரமே செய்தியை எடுத்து அடுத்த பகுதிக்குத் தள்ளிவிடும். ஏப்ரலில் எல்லோரும் பார்க்க ஒரு பரீட்சை வைத்தார்கள். லண்டனிலிருந்து டெஹ்ரானுக்குச் செய்தி ஒரு நிமிஷத்தில் போனது. கல்கத்தாவுக்கு 28 நிமிஷம். அதே ஜூன் மாதம் மூன்றாவது வழி திறந்தது. 'கிரேட் ஈஸ்டர்ன்' என்ற மாபெரும் கப்பலிலிருந்து பம்பாய்க்கும் ஏடனுக்கும் நடுவே கடலடியில் கேபிள் இறக்கி, செங்கடல், சூயஸ், மத்தியதரைக் கடல் வழியாக இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் போர்த்கர்னோ என்ற சிற்றூரில் கரையேற்றினார்கள்.

இப்போது வியாபாரி கையிலும் மூன்று கொட்டேஷன். துருக்கி வழியா, டெஹ்ரான் வழியா, சூயஸ் வழியா? தந்திப் படிவத்தில் 'இன்ன வழி' என்று எழுதிக் கொடுக்கலாம். பரீட்சையில் ஜெயித்த தரைவழிக் கம்பியைத் தேர்ந்தெடுத்தவருக்கு என்ன ஆயிற்று தெரியுமா? அந்த வழியில் கருங்கடல் ஓரமாகக் கொஞ்ச தூரம் கேபிள் கடலுக்குள் போயிற்று. திறப்பு விழா நடந்து ஆறு மாதம் முடிவதற்குள் ஒரு நிலநடுக்கத்தில் அது போய்விட்டது. பிறகு அந்த இடத்திலும் தரையிலேயே கம்பி இழுத்தார்கள். 28 நிமிஷம் என்ற விளம்பரம் நல்ல நாளில் எடுத்த அளவு. கெட்ட நாளில் எத்தனை நாள் நிற்கும், நின்றால் யார் வந்து எத்தனை நாளில் சரி செய்வார் என்பதற்கு விளம்பரத்தில் இடம் இல்லை. அதற்காக அந்தக் கம்பியைக் குறைத்தும் சொல்லக்கூடாது. பழுது பார்த்துப் பார்த்து, நடுவில் ஒரு உலகப் போரையும் கடந்து, 1931 வரை அது உழைத்தது.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது பின்னாளில். வேகம் வேறு, நம்பகம் வேறு என்பதை எங்கள் குடும்பம் கற்றுக்கொண்டது 1978-ல்.

என் அண்ணன் என்னைவிட எட்டு வயது பெரியவர். 1962-ல் நம் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஆறு மாதக் கெடு கொடுத்தார்கள். நம் ஊரில் அதை 'ஒப்சியோன்' என்றுதான் இன்றும் சொல்கிறோம். அண்ணன் ஒப்சியோன் எடுத்து, சொல்தாவாகப் பட்டாளத்தில் சேர்ந்து, பிறகு மர்செய் நகரத்திலேயே தங்கிவிட்டார். நான் இங்கேயே இருந்து குமாஸ்தா ஆனேன்.

1978-ல் அப்பா காலமானார். மறுநாள் காலை நான்தான் தந்தி ஆபீசுக்குப் போனேன். அண்ணனுக்குப் பிரெஞ்சிலேயே எழுதினேன். "பேர் தெசெதே." அதாவது 'அப்பா இறந்துவிட்டார்'. அதன் பின்னே நேற்று என்று ஒரு சொல், என் பெயர். அவ்வளவுதான். கவுண்டரில் இருந்தவர் "கொலாசியோன் வேணுமா?" என்று கேட்டார். கொஞ்சம் கூடுதல் கட்டணம் கட்டினால் தந்தியை ஒவ்வோர் இடத்திலும் திருப்பி வாசித்துச் சரிபார்த்து அனுப்பும் ஏற்பாடு அது. வெளிநாட்டுத் தந்திக்கு அந்தக் காலத்தில் உண்டு. காரியச் செலவுக்கே கடன் வாங்கியிருந்த நேரம். மூன்று சொல்லில் என்ன பிழை வந்துவிடப் போகிறது? வேண்டாம் என்றேன்.

தந்தி அன்றே போய்ச் சேர்ந்துவிட்டது. வேகத்தில் குறை சொல்ல முடியாது. வழியில் யார் கையில் நேர்ந்ததோ, எந்த இயந்திரத்தில் நேர்ந்ததோ, முதல் எழுத்தான 'பி' மட்டும் 'எம்' ஆகிவிட்டது. 'பேர்' என்றால் அப்பா. 'மேர்' என்றால் அம்மா.

அண்ணனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை, விமானத்துக்குப் பணமும் இல்லை. மர்செயில் ஒரு சின்ன அறையில், அம்மா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து, மூன்று நாள் அழுதிருக்கிறார். அப்பாவுக்கு ஆறுதல் சொல்லி நான்கு பக்கம் கடிதம் எழுதி அனுப்பினார். 'நீங்கள் தனியாக இருக்கக் கூடாது, தம்பி பக்கத்திலேயே இருங்கள்' என்று. அந்தக் கடிதம் பதினோராம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதைப் பிரித்துப் படித்தவர் அம்மா. முழுதும் படித்து முடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அடுக்களைக்குள் போய்விட்டார்.

பல வருஷம் கழித்து ஒருமுறை அண்ணனிடம் கேட்டேன். "அண்ணே, தந்தியில 'தெசெதே'ன்னு ஆண்பால்லதான இருந்திருக்கும்? அம்மான்னா கடைசியில இன்னொரு எழுத்து வரணுமே, கவனிக்கலையா?" பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். காதுக்கு இரண்டும் ஒரே சத்தம்தான். எழுத்தில் பெண்பாலுக்குக் கடைசியில் ஓர் 'எ' கூடும். அந்த ஓர் எழுத்தை விட்டதற்காக 'திக்தே' வகுப்பில் நாங்கள் வாங்கிய அடி கொஞ்சமல்ல. அண்ணன் சொன்னார், "பார்த்தேன்டா. தந்திக்காரன் ஓர் எழுத்தை விட்டுட்டான்னு நினைச்சேன்."

இதை நான் ஒரு கம்ப்யூட்டர் இன்ஜினீயரிடம் சொன்னபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்றைய இணையம் இந்த வேலையைத்தான் ஒவ்வொரு நொடியும் செய்கிறதாம். நாம் அனுப்பும் எதையும் சின்னச் சின்னப் பொட்டலமாக்கி, ஒவ்வொன்றோடும் ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்து அனுப்புகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் கணக்கு ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பொட்டலம் குப்பைக்கு. திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்கிறது. அண்ணன் பார்த்தும் ஒதுக்கிவிட்ட அந்த 'எ'தான் அந்தச் சரிபார்ப்பு எண். நான் காசு மிச்சம் பிடித்து வேண்டாம் என்ற கொலாசியோன் இன்று எல்லோருக்கும் இலவசம். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. வீடியோவில் பேசும்போது திரும்பக் கேட்டு வாங்க நேரம் இல்லை. தொலைந்த பொட்டலம் பெரும்பாலும் தொலைந்ததுதான். அதனால்தான் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, பேச்சு நடுவில் விழுங்கப்படுகிறது.

1987-ல் எங்கள் வீட்டுக்கு டெலிபோன் வந்தது. விண்ணப்பித்து ஆறு வருஷம் காத்திருந்தோம். அதற்கு இரண்டு வருஷம் கழித்து நான் மர்செய் போனபோது அண்ணன் வீட்டில் போனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிவி மாதிரி பெட்டி இருந்தது. மினிடெல். டெலிபோன்காரர்களே கொடுத்தது. அதில் எண் தட்டினால் டெலிபோன் டைரக்டரி வரும், ரயில் நேரம் வரும். வருகிற பக்கம் நொடிக்கு 1200 பிட், நாம் தட்டி அனுப்புகிற பக்கம் நொடிக்கு 75 பிட். வாங்குவது அதிகம், கொடுப்பது குறைவு. இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். 2012 ஜூன் 30 வரை மினிடெல் நடந்தது.

நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தது. சென்னை உள்பட நான்கு பெருநகரங்களில். எங்கள் ஆபீசுக்கு அது வந்து சேர மேலும் சில வருஷம் ஆயிற்று. மோடம் கிய்ங் கிய்ங் என்று கத்தி இணைப்பு கிடைத்ததும் சூப்பிரண்டெண்டென்ட் உட்பட எல்லோரும் எழுந்து வந்து பார்ப்போம். நல்ல மோடமுக்கு 56 கேபிபிஎஸ். இன்று செல்போனில் எடுக்கும் 3 எம்பி போட்டோ ஒன்று அதில் வர ஏழு நிமிஷத்துக்கு மேல் ஆகும், அதுவும் நடுவில் அறுந்துபோகாமல் இருந்தால். 2004-ல் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கை வெளியிட்டது. குறைந்தது 256 கேபிபிஎஸ் இருந்தால் அது பிராட்பேண்ட் என்றார்கள். மறு வருஷம் வீடுகளுக்கு வரத் தொடங்கியது. நாங்களும் போட்டோம். அதே போட்டோ ஒன்றரை நிமிஷம். 2013-ல் அந்த அளவு 512 ஆயிற்று. 2023-ல் 2 எம்பிபிஎஸ் ஆயிற்று. இன்று வாசலில் நிற்கும் பையன் சொல்லும் 100-ல் அந்தப் போட்டோ வர நொடியில் கால் பங்கு போதும்.

இத்தனை வேகம் ஏறியும் பாதை மட்டும் மாறவில்லை. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தில் அலெக்சாண்டிரியா அருகே கடலடியில் இரண்டு கேபிள்கள் ஒரே நாளில் அறுந்தன. இந்தியாவிலிருந்து மேற்கே போகும் இணையப் பாதையில் பெரும் பகுதி முடங்கியது. 2024-ல் செங்கடலில் மறுபடி சில கேபிள்கள் அறுந்தன. 1870-ல் கேபிள் போன அதே செங்கடல், அதே சூயஸ். இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அறுந்த கேபிள்களின் சொந்தக்காரர்கள் வேறு வேறு. ஆனால் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் இரண்டு கம்பெனி இருந்தும் ஒரு கம்பெனி மாதிரிதான். நம் தெருவிலும் அப்படித்தான். ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு இணைப்பு போடுகிறவர்கள், இரண்டு வயரும் ஒரே கம்பத்தில் தொங்குகிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிடுங்கள்.

2011 டிசம்பர் 30. தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்த விடியற்காலை. நம் ஊர்க்காரர்களுக்கு அதை நான் விவரிக்க வேண்டியதில்லை. மரங்கள் எல்லாம் தெருவில் படுத்துக் கிடந்தன. எங்கள் தெருவில் ஒரு வாரத்துக்குக் கரண்ட் இல்லை. முதல் நாள் வேலை செய்த செல்போன்கள், டவரில் டீசல் தீர்ந்ததும் ஒவ்வொன்றாக ஊமையாயின. எங்கள் வீட்டில் பழைய டெலிபோன் மட்டும் பேசியது. காரணம் எளிது. செம்புக் கம்பியில் பேச்சு மட்டும் வருவதில்லை. டெலிபோனுக்கு வேண்டிய மின்சாரமும் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேட்டரியிலிருந்து அதே கம்பியில் வருகிறது, 48 வோல்ட். வீட்டில் கரண்ட் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? கம்பி பூமிக்கடியில் அறுபடாமல் இருந்தால் போதும்.

அன்று காலை ஒன்பது மணிக்கு மணி அடித்தது. அண்ணன். "டேய், உயிரோட இருக்கீங்களா?" பிறகு மூன்று நாள் எங்கள் வீட்டு வாசலில் தெருக்காரர்கள் வரிசையில் நின்று பேசிவிட்டுப் போனார்கள். என் மனைவி எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்து, வீட்டில் இருந்த பால் பவுடரைத் தீர்த்தாள்.

இதைப் படித்துவிட்டுப் பழையதே நல்லது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். செம்புக் கம்பிக்கும் வயசு ஆகிறது. இணைப்புகளில் தண்ணீர் இறங்கினால் கர்ர் என்ற சத்தம்தான் கேட்கும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயலில் நம் ஊரில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை கொட்டியதே, அதற்குப் பிறகு எங்கள் செம்பு லைன் சரியாகப் பேசவே இல்லை. வந்து பார்த்த லைன்மேன், அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிறவர், "சார், கம்பி என்னைவிட மூத்தது சார்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

சரி, மூன்றாவது பத்திக்கு வருகிறேன். ஆபீசில் ஒப்புநோக்குப் பட்டியலில் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, பிறகு கால் உடைந்த நாற்காலியில் நாங்களே உட்கார்ந்திருக்கிறோம். அதனால் இந்த முறை மூன்று பையன்களையும் திரும்ப அழைத்துக் கேட்டேன். நான் கேட்டவை இவைதான், உங்களுக்கும் உதவலாம்.

முதலாவது, அந்த 100 என்பது எப்போதும் கிடைப்பதா, அதிகபட்சமா? காகிதத்தில் பொடி எழுத்தில் 'வரை' என்று ஒரு சொல் இருக்கும். ஒரே லைனைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்வதால் இரவு எட்டு மணிக்கு வேகம் இறங்கும். ஆகவே பக்கத்து வீட்டில் அதே இணைப்பு இருந்தால், சாயங்காலம் போய் அளந்து பாருங்கள். காலை பத்து மணி அளவை நம்பாதீர்கள். இன்னொன்று, எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. கோப்பின் அளவு பைட் கணக்கு. 100-ஐ எட்டால் வகுத்தால் நொடிக்குப் பன்னிரண்டரை எம்பி. அதுதான் அசல்.

இரண்டாவது, அனுப்பும் வேகம் எவ்வளவு? செம்புக் கம்பி பிராட்பேண்ட் மினிடெல் மாதிரி. வாங்குவது அதிகம், அனுப்புவது கொஞ்சம். படம் மட்டும் பார்க்கிறவர்களுக்கு அது போதும். பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேசுகிறவர்களுக்கு, நம் முகம் அங்கே தெளிவாகத் தெரிய அனுப்பும் வேகம்தான் முக்கியம். ஃபைபரில் இரண்டையும் சமமாகத் தருகிறவர்கள் உண்டு. கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, கரண்ட் போனால்? ஃபைபரில் வெளிச்சம்தான் வருகிறது, மின்சாரம் வருவதில்லை. வீட்டில் இருக்கும் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். அதற்கென்றே சின்ன பேட்டரிப் பெட்டி கடையில் கிடைக்கிறது. சில மணி நேரம் தாங்கும். ஒரு வாரம் தாங்காது.

நான்காவது, நின்றால் எத்தனை நாளில் வருவீர்கள்? டிராய் 2006-ல் போட்ட விதியிலேயே பழுதுகளில் பத்துக்கு ஒன்பதை அடுத்த வேலை நாளுக்குள் சரி செய்ய வேண்டும், சேவை 98 சதவீத நேரம் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். 98 என்றால் நூற்றுக்கு 98 மார்க் மாதிரி காதுக்கு இனிமைதான். காகிதத்தில் போட்டுப் பாருங்கள். வருஷத்தில் இரண்டு சதவீதம் என்பது ஏழு நாளுக்கு மேல். விதியை மீறாமலே ஒரு வாரம் நிற்கலாம். ஆகவே சதவீதத்தைக் கேட்காதீர்கள். தெருமுனையில் அந்தக் கம்பெனி இணைப்பு வைத்திருப்பவரிடம், "போன மழைக்கு எத்தனை நாள் நின்றது? யார் வந்தார்?" என்று கேளுங்கள்.

நான்கு கேள்விக்கும் மூன்று பையன்களில் ஒருவர்தான் நேராகப் பதில் சொன்னார். மழைக்கு நான்கு நாள் நின்றது உண்மைதான் சார் என்றார். அவருக்கு அங்கேயே பாதி மார்க் போட்டேன்.

மீதிப் பாதி ஐந்தாவது கேள்விக்கு. அது எந்த ஒப்புநோக்குப் பட்டியலிலும் வராது.

அண்ணனுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. இரண்டு வருஷமாக ஞாபகம் தடுமாறுகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மருமகள் வீடியோவில் பிடித்துக் கொடுப்பாள். திரையில் என்னைப் பார்த்துச் சிரிப்பார், சில நாள் பெயர் வராது. செல்போன் எண் எதுவும் அவர் மனதில் நிற்பதில்லை. ஆனால் 1987-ல் நான் கடிதத்தில் எழுதி அனுப்பிய எங்கள் வீட்டு டெலிபோன் எண் மட்டும் விரலில் இருக்கிறது. நடுவில் முன்னால் எண்கள் கூடினபோது அதையும் சேர்த்துப் பழகிக்கொண்டார். யாரும் சொல்லாமல், அவருக்குத் தோன்றுகிற நேரத்தில், அவரே சுற்றுகிறார். இங்கே ராத்திரி இரண்டு மணியாக இருக்கும். செம்பு லைன் செத்துக் கிடந்த நாட்களில் மணி அடிக்கவில்லை. அந்த நாட்களில் அவர் எத்தனை முறை சுற்றினாரோ, தெரியாது.

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி கூப்பிட்டார். கர்ர் சத்தத்துக்கு நடுவே, "அப்பா போயிட்டாரா?" என்றார். போயிட்டார்ண்ணே என்றேன். "அப்ப அம்மா?" என்றார். அம்மா காலமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் பதில் சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது. ஒருமுறை பொய்யாக அழுதவர், இன்னொருமுறை உண்மையாக அழுதவர். மூன்றாவது முறைக்கு நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. கம்பி எனக்காக முடிவு செய்துவிட்டது.

ஆகவே ஐந்தாவது கேள்வி இதுதான். "தம்பி, ஃபைபர் போட்டாலும் என் பழைய நம்பரையே அதில் தர முடியுமா?" ஒருவர் புது நம்பர் தருவோம், அழகான நம்பர் என்றார. சிம் பெட்டிக்காரர் நம்பர் எதற்கு சார் என்றார். மழைக்கு நான்கு நாள் நின்றது என்று உண்மை பேசிய பையன் மட்டும், விசாரித்துச் சொல்கிறேன் என்று போய், இரண்டு நாளில் திரும்பி வந்து, முடியும் சார் என்றார்.

வாடகையில் அவர் மூன்றாமிடம். வேகத்தில் இரண்டாமிடம். தணிக்கையில் இதைப் பார்த்தால் என்னைக் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும்.

போன வாரம் வயர் இழுத்துவிட்டார்கள். பெட்டிக்கு ஒரு பேட்டரியும் வாங்கி வைத்திருக்கிறேன். பழைய டெலிபோனைப் புதுப் பெட்டியில் சொருகி, என் செல்போனிலிருந்து வீட்டு நம்பரைச் சுற்றிப் பார்த்தேன். அதே மணி. என் மனைவி அடுக்களையிலிருந்து ஓடி வந்து, "அண்ணனா?" என்றாள். இல்லை, நான்தான் என்றேன்.

ராத்திரியில் இப்போது டெலிபோனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்கிறேன்.